ஒரு வீட்டில் மூன்று பேர்: ஆளுக்கு எவ்வளவு மாச்சத்து?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம், கொக்குவில். எனக்கு வயது 36, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 66 கிலோ, வருத்தம் ஒன்றுமில்லை. கணவருக்கு 41 வயது, 172 சென்ரிமீற்றர், 97 கிலோ. பிறசருக்குக் குளிசை எடுக்கிறார். இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 310, மூன்று மாதச் சராசரிச் சீனி 6.1. மாமிக்கு 63 வயது, 152 சென்ரிமீற்றர், 96 கிலோ. 12 வருடமாகச் சலரோகம். மெற்போமின், கிளிக்லசைட் குளிசைகளோடு காலையும் இரவும் கலப்பு இன்சுலின் ஊசி. முழங்கால் நோவும் இருக்கிறது. கனடாவில் இருக்கிற மச்சாள் கீட்டோ உணவில் நன்றாக மெலிந்துவிட்டா. நாளுக்கு 20 கிராம் மாச்சத்து என்று ஒரு பட்டியலை எங்களுக்கும் அனுப்பியிருக்கிறா. மூன்று பேரும் சேர்ந்து தொடங்கலாமா? உடம்பின் பருமனுக்கு ஏற்ற மாதிரி அளவு மாறுமா?

பதில்:

தங்கச்சி, முதலில் மாமியின் விசயம். கிளினிக்கில் டொக்டரோடு கதைக்காமல் அவவின் சோற்றிலோ இடியப்பத்திலோ கை வைக்க வேண்டாம். இரவு ஊசியை வழமைபோலப் போட்டுவிட்டு, பட்டியலைப் பார்த்து இரவுச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால், நடுச்சாமத்தில் இரத்தச் சீனி விழும். நித்திரையில் சீனி விழுவது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. இந்த உணவுமுறையில் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடம் இது. அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எழுதுகிறேன்.

இனி நேரான பதில். மூன்று பேரும் சேர்ந்து தொடங்கலாம், ஆனால் ஒரே அளவில் இல்லை. உங்களுக்கு நாளுக்கு 130 முதல் 150 கிராம் மாச்சத்து போதும். கணவருக்கு 80 முதல் 100. மாமி நாளடைவில் கணவரின் அளவுக்கு இறங்கலாம், டொக்டர் சம்மதித்தால் அதற்குக் கீழேயும் போகலாம். ஆனால் மருந்து குறையக் குறையத்தான் அவவின் மாச்சத்தும் குறைய வேண்டும். 20 கிராம் இன்றைக்கு உங்கள் வீட்டில் எவருக்கும் தேவையில்லை.

ஏன் என்று சொல்ல, முதலில் நாங்கள் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். காலையில் ஒருவர் சாப்பிடுகிற பிட்டுக்கு 100 கிராம் அரிசிமா போயிருந்தால் 80 கிராம் மாச்சத்து. மத்தியானம் அவித்த சோறு 400 கிராம் என்றால் 110 கிராமுக்கு மேல். இரவில் உள்ளங்கை அளவான மெல்லிய இடியப்பம் பத்து, அதில் 80 முதல் 100. தேத்தண்ணி நாலு தரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி, 40 கிராம். பின்னேரம் ஒரு வடை அல்லது ரோல்ஸ், 20. பருப்பு, உருளைக்கிழங்கு, மற்றக் கறிகளில் ஒரு 25. கூட்டினால் 360, 370 கிராம் வருகிறது. இது பெருந்தீனிக்காரரின் கணக்கு இல்லை. எங்கள் ஊரில் மரியாதையாகச் சாப்பிடுகிற ஒரு சாதாரண ஆளின் ஒரு நாள்.

ஆய்வாளர்கள் வகுத்த எல்லைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால்தான் அதைக் குறைந்த மாச்சத்து உணவு என்கிறார்கள். 20 முதல் 50 கிராம் வரை உள்ளது மிகக் குறைந்த வகை. கீட்டோ என்பது அதுதான். அந்த அளவில் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைச் செய்து மூளைக்கும் தசைக்கும் எரிபொருளாகக் கொடுக்கத் தொடங்கும். 1921இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற வைத்தியர் இந்த உணவுக்குப் பெயர் வைத்தது மெலிவதற்காக அல்ல, வலிப்பு நோயாளிகளுக்காக. அதாவது அது ஒரு மருத்துவச் சிகிச்சையாகப் பிறந்த உணவு. இன்றைக்கும் அதை அந்த மதிப்போடுதான் கையாள வேண்டும்.

ஆகவே 370இல் இருந்து 140க்கு வருவதே பெரிய இறக்கம். 370இல் இருக்கிற ஒருவரை ஒரே இரவில் 20க்குத் தள்ளினால் அவர் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பார். பிறகு ஒரு கலியாண வீடு வரும், ஒரு செத்தவீடு வரும், அதோடு முடிந்துவிடும்.

இனிப் பருமனின் அளவு. எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. உங்களுக்கு 26.4, கணவருக்கு 32.8, மாமிக்கு 41.6. உலக அளவுகோலில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் நோய். 30இல் இருந்து 35 வரை முதலாம் தரம், 40 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். ஆனால் இந்த அளவுகோல் எங்கள் உடம்புக்குப் பொருந்தி வராது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும், 27.5இல் ஆபத்துக் கூடிவிடுகிறது என்று சொன்னது. அப்படிப் பார்த்தால் உங்கள் 26.4 "கொஞ்சம் பூசின உடம்பு" என்று விட்டுவிடக்கூடிய எண் இல்லை. கணவரின் 32.8 வெள்ளைக்காரர் ஒருவரின் 35க்குச் சமமான பாரத்தை உடம்பில் ஏற்றியிருக்கக்கூடும்.

அதே ஆண்டில் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற வைத்தியரும் இங்கிலாந்தின் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் சுட்டி ஒன்றுதான், 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். தெற்காசியருக்குத் தராசு சொல்லாததை வயிறு சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆகவே அளவுநாடா ஒன்று வாங்குங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு அளவுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எங்கள் எல்லை. உங்கள் வயிறு 80க்குள் இருந்தால் 150 கிராமோடு நின்று ஆறுதலாக நடக்கலாம். 88, 90 என்று இருந்தால் 120 அளவில் தொடங்குங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் அளவு இப்படி மாறும்.

இன்னொரு பார்வையும் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. கனடாவில் ஆர்யா சர்மாவும் அமெரிக்காவில் ரொபர்ட் குஷ்னரும் 2009இல் முன்வைத்த எட்மன்ரன் தரப்படுத்தல், எடையைப் பார்ப்பதில்லை. எடை செய்த சேதத்தைப் பார்க்கிறது. சேதம் ஒன்றுமில்லாதவர் பூச்சியம். பிறசர், சீனி மெல்ல ஏறத் தொடங்கியவர் ஒன்று. நோயாகவே மாறியவர் இரண்டு. உறுப்புகள் பழுதானவர் மூன்று, நாலு. 2025 சனவரியில் லான்செட் ஆணைக்குழுவும் இதே வழியில், உறுப்புகளைப் பாதித்த பருமன், இன்னும் பாதிக்காத பருமன் என்று பிரித்தது. உங்கள் வீட்டில் இந்தக் கணக்குப்படி நீங்கள் பூச்சியம். கணவருக்கு ட்ரைகிளிசரைட்டும் சீனியும் ஏறத் தொடங்கிய நிலைதான், ஆனால் பிறசருக்கு ஏற்கெனவே குளிசை எடுப்பதால் அவரை இரண்டில் வைக்க வேண்டும். மாமி இரண்டுக்குக் குறையாது. சிறுநீரகத்தையும் கண்ணையும் பார்த்தபிறகுதான் அதற்கு மேலா என்று தெரியும்.

பருமன் கூடக்கூட மாச்சத்தைக் கூடுதலாகக் குறைக்கலாம் என்ற எண்ணத்தில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது, மூன்று காரணங்களுக்காக. உடம்பில் சேமித்த கொழுப்பு நிறைய இருப்பவர், பெரிய பற்றாக்குறை வந்தாலும் அந்தச் சேமிப்பில் இருந்து எடுத்துக்கொள்வார். கொஞ்சமே இருப்பவரின் உடம்பு அந்தப் பற்றாக்குறையை நிரப்பத் தசையிலும் கை வைக்கும். பருமன் கூடியவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் பெரும்பாலும் கூடவே இருக்கும். மாச்சத்தைக் குறைத்தால் அவர்களுடைய ட்ரைகிளிசரைட்டும் சீனியும்தான் முதலில் இறங்கும். மூன்றாவதை எவரும் பெரிதாகக் கதைப்பதில்லை. மிகக் குறைந்த மாச்சத்து உணவில் கெட்ட கொலஸ்ரரோல் யாருக்கு ஏறுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுட்டி 25க்குக் கீழே உள்ள ஒல்லியானவர்களுக்குத்தான் நன்றாக ஏறியது. பருமன் கூடியவர்களுக்கு ஏறவில்லை, 35க்கு மேல் உள்ளவர்களுக்குச் சற்று இறங்கியும் இருந்தது. 2024இல் வெளியான முடிவு இது. மச்சாள் பெரிய உடம்போடு தொடங்கி நன்மை கண்டிருக்கலாம். அதே பட்டியல், பத்துக் கிலோ குறைக்க வேண்டிய ஒருவருக்கு அதே நன்மையைத் தரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஆனால் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையை ஓரளவுக்கு மேல் நீட்டவும் வேண்டாம். 2018இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரோபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மறுபகுதிக்கு மாச்சத்துக் குறைந்த உணவும் ஒரு வருடம் கொடுத்தது. சராசரியாக ஒரு பகுதி 5.3 கிலோ குறைந்தது, மற்றது 6 கிலோ. மரபணுவை வைத்தோ, இன்சுலின் சுரக்கும் அளவை வைத்தோ யாருக்கு எந்த உணவு நல்லாய்ப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இரண்டு பகுதியிலும் சிலர் 20 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், சிலர் ஏறினார்கள். சலரோகக்காரரிடம் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் இதே கதைதான்: ஆறு மாதத்தில் குறைந்த மாச்சத்து உணவு முன்னுக்கு நிற்கும், ஒரு வருடத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். உணவு பலம் இழப்பதால் என்பதைவிட, ஆட்கள் பழைய கோப்பைக்குத் திரும்புவதால் இருக்கலாம். ஆகவே பருமனின் தரம் எங்கே தொடங்குவது என்று காட்டும். எங்கே நிற்பது என்பதை, நீங்கள் இரண்டு வருடம் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது ஆள் ஆளாக வருகிறேன்.

நீங்கள். தேத்தண்ணிச் சீனியை முழுதாக விட்டுவிடுங்கள், 40 கிராம் போய்விடும். மத்தியானச் சோற்றை அரைவாசியாக்குங்கள், காலைப் பிட்டையும் அரைவாசியாக்குங்கள், இரவில் இடியப்பம் மூன்றோடு நிறுத்துங்கள், பின்னேர வடையை விடுங்கள். கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 145 கிராமில் வந்து நிற்பீர்கள். ஒரு கடையிலும் ஒன்றும் புதிதாக வாங்கத் தேவையில்லை. மூன்று நாலு கிலோ குறைந்தாலே உங்கள் எடையில் 5 வீதம். அது உடம்புக்குள் நல்ல மாற்றம் செய்யத் தொடங்கும் அளவு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்கள் என்றாலோ, அடுத்த பிள்ளைக்கு ஆயத்தம் என்றாலோ கீட்டோப் பக்கம் போகவே வேண்டாம். மெலிகிற வேகம் கூடினால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமயிர் கொட்டும் என்பதையும் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணவர். குறைந்த மாச்சத்து உணவு யாருக்குக் கூடுதல் நன்மை தரும் என்று கேட்டால், நான் அவரைப் போன்ற ஒருவரைத்தான் காட்டுவேன். ட்ரைகிளிசரைட் 310, சீனி 6.1, வயிறும் பெரும்பாலும் 100க்கு மேல் இருக்கும். சலரோகம் என்று சொல்வதற்கு 6.5 வேண்டும், அவர் வாசலில் நிற்கிறார். காலையில் பிட்டுக்குப் பதில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் அவித்த காய்கறியும். மத்தியானம் அரைவாசிச் சோறு, கறிகள் தாராளமாக. இரவில் மாப்பண்டம் இல்லை. மீன் சொதியும் வறையும் மட்டும். சோற்றில் 55, கறிகளில் 30, அங்கே இங்கே கொஞ்சம் என்று 90 அளவில் நிற்பார். ஈரலில் கொழுப்பு இருக்கிறதா என்று ஸ்கான் ஒன்று செய்து பார்க்கலாம். இருந்தால் 7 முதல் 10 வீதம் எடை குறைவது அதற்குக் கைகண்ட மருந்து. அவருக்கு அது 7 முதல் 10 கிலோ வரை. சனி ஞாயிறில் பியரோ கள்ளோ பழக்கம் இருந்தால், ட்ரைகிளிசரைட் இறங்காததற்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

அவரிடம் கவனிக்க வேண்டியது பிறசர். மாச்சத்துக் குறைந்து இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். அதனால் பிறசர் இறங்கும். குளிசையும் பிறசரை இறக்கும். சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால், இருந்த இடத்தில் இருந்து எழும்பும்போது தலை சுற்றும். வாரம் இரண்டு முறை பிறசரைப் பார்த்து எழுதிவையுங்கள். இறங்கியிருந்தால் குளிசையின் அளவை மாற்றுவது டொக்டரின் வேலை, தானாக நிறுத்தக்கூடாது. பிறசரோ சிறுநீரக, இருதய வருத்தமோ இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு முதல் வாரத்தில் தலையிடி, சோர்வு வந்தால் உப்புப் போட்ட மோர் இரண்டு கிளாஸ் போதும்.

மாமி. எடையை மட்டும் பார்த்தால் கடுமையான உணவால் கூடுதலாக நன்மை பெறக்கூடியவ அவதான். மருந்தைப் பார்த்தால் கடைசியாகத் தொடங்க வேண்டியவவும் அவதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரியாததால்தான் பட்டியல்கள் ஆளைக் கெடுக்கின்றன. கிளிக்லசைட் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும், சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி. கலப்பு ஊசி சாப்பிடப்போகும் மாச்சத்தைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. மெற்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு விழுத்தாது. ஆகவே கிளினிக் கொப்பியோடு போய், "இரவுச் சாப்பாட்டில் மாச்சத்தைக் குறைக்கப்போகிறோம், ஊசியையும் கிளிக்லசைட்டையும் எவ்வளவு குறைக்க வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். இது டொக்டருக்குப் புதிய கேள்வி இல்லை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடியும் குளிசை எதுவும் பிறகு சேர்க்கப்பட்டால், மாச்சத்தைக் குறைத்திருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குளிசையும் கீட்டோ உணவும் சேர்ந்தால், சீனி சாதாரணமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும்.

தொடங்குவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், சிறுநீரில் புரதம், யூரிக் அமிலம், கொலஸ்ரரோல், கண் பரிசோதனை எல்லாம் வேண்டும். கண்ணை ஏன் சொல்கிறேன் என்றால், பல வருடம் கூடி நின்ற சீனி மிக வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் இருக்கும் பாதிப்புச் சிலகாலம் மோசமாவது உண்டு. வேகத்தைக் குறைத்தால் அந்தப் பயம் குறையும்.

படிகள் இப்படி இருக்கட்டும். டொக்டரிடம் சொன்னபிறகு, முதல் இரண்டு வாரம் சீனித் தேத்தண்ணியும் பின்னேரப் பலகாரமும் மட்டும் நிற்கட்டும். பிறகு டொக்டர் குறைத்துத் தந்த ஊசி அளவோடு இரவு இடியப்பம் பாதி. அடுத்த சந்திப்புக்குப் பிறகு மத்தியானச் சோறு பாதி. ஒவ்வொரு படியிலும் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கப் போகும்போதும் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். ஊசி அளவு மாறிய முதல் இரண்டு மூன்று இரவில் சாமம் மூன்று மணிக்கும் ஒரு தரம். 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் மாச்சத்தை விட்டாலும் சீனிப்போத்தல் மாமியின் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

அவவிடம் நான் எதிர்பார்ப்பது ஊசி முழுதாக நிற்பதை அல்ல. 2018இல் பிரித்தானியாவில் வெளியான டைரெக்ட் ஆய்வில், நாளுக்கு 850 கலோரி அளவுள்ள திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து, ஒரு வருடத்தில் 46 வீதமானவர்களுக்குச் சலரோகம் மருந்தில்லாமல் அடங்கியது. 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் 86 வீதமானவர்களுக்கு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். மாமிக்கு 12 வருடம் ஆகிவிட்டது. ஊசியின் அளவு பாதியானாலே அது பெரிய வெற்றி. முழங்காலைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறத்தாழ நாலு கிலோ குறைகிறது. 96இல் ஐந்து கிலோ போனாலும் அவ அதைப் படியேறும்போது உணருவா. சுட்டி 40ஐத் தாண்டியவர்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் வழி என்று யாரும் சொல்லக்கூடாது. செமக்லுரைட் போன்ற எடை குறைக்கும் ஊசிமருந்துகளும் இரைப்பைச் சத்திரசிகிச்சையும் இன்று இருக்கின்றன. ஆறு மாதத்தில் பலன் போதாவிட்டால் அவற்றைப் பற்றிக் கேட்பது தோல்வி அல்ல, நியாயமான அடுத்த படி.

வயது 63 என்றபடியால் தசையும் முக்கியம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நாளுக்கு 60, 65 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, 200 கிராம் மீனில் 40, மிச்சம் தயிரிலும் பயறிலும் வந்துவிடும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பதை ஒரு தரத்துக்குப் பத்து, காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள்.

இனி அடுப்படி. மச்சாளின் பட்டியலில் பாதாம் மா, சீஸ், அவகாடோ என்று இருக்கும். அதெல்லாம் ரொறன்ரோவில் சுலபமாகக் கிடைக்கிறதால் எழுதியது. யாழ்ப்பாணத்துச் சமையலில் சோற்றையும் பிட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது அத்தனையும் குறைந்த மாச்சத்து உணவுதான். சுறா வறை, நண்டுக்கறி, றால் பொரியல், கணவாய்க்கறி, மீன் சொதி, முட்டைப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பாவற்காய், புடலங்காய், வாழைப்பூ, கோவா (முட்டைக்கோசு). இவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்துச் சோற்றை மலையாகப் போடுகிறோம். அளவை மாற்றிவையுங்கள். சமைப்பது ஒரு பானை; பரிமாறுவதில்தான் வித்தியாசம். உங்கள் கோப்பையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைவிடச் சற்றுக் கூடுதலான சோறு, அதாவது 200 கிராம். கணவருக்கும் அதே அளவு, ஆனால் காலையும் இரவும் மா இல்லை. மாமிக்கு அந்தந்த வாரம் டொக்டர் சொன்ன படி. பிட்டு இல்லாமல் முடியவே முடியாது என்கிற நாளில் கீரைப் பிட்டு அவியுங்கள். மாவைப் பாதியாக்கி முருங்கையிலையும் துருவிய கோவாவும் சேர்த்தால் வயிறு நிறையும், மாச்சத்துப் பாதியாகும்.

நல்லது என்று நினைத்துப் பலர் கூடுதலாகச் சாப்பிடும் சில சாமான்களையும் சொல்ல வேண்டும். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாச்சத்து. ஒடியல் மாவும் அப்படித்தான். நார் இருப்பதால் சீனி சற்று மெதுவாக ஏறலாம், ஆனால் கணக்கில் இருந்து அது தப்பாது. மொட்டைக்கறுப்பன் அரிசி நல்ல அரிசி, அதற்காக இரண்டு கோப்பை போடக்கூடாது. பனங்கட்டி உடம்புக்குள் போனபிறகு சீனிதான். பனாட்டும் அதே. ஒரு றாத்தல் பாணில் கால்வாசி எடுத்தால் 55 கிராம். ரோஸ் பாண் மொறுமொறுப்பாக இருப்பதால் கணக்குக் குறையாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் 200 கிராம் சதைக்கு 30 கிராம். பருவகாலத்தில் அதைச் சாப்பிடாமல் இருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை, அன்றைக்கு அரைவாசிப் பழம் சாப்பிட்டுச் சோற்றை அதற்கேற்பக் குறையுங்கள்.

தேங்காய் விசயத்தில் இரண்டு பக்கமும் உண்டு. துருவிய தேங்காய் 100 கிராமில் மாச்சத்துக் குறைவு, நார் உண்டு, ஆனால் 350 கலோரி. முதற்பாலில் சமைத்த நாலு கறியை "மாச்சத்து இல்லைத்தானே" என்று சாப்பிட்டால் எடை இறங்காது. நிறைவுற்ற கொழுப்பும் அதிகம் என்பதால், கெட்ட கொலஸ்ரரோல் ஏற்கெனவே கூடியவர்கள் சொதியை இரண்டாம் பாலில் வைப்பது நல்லது. சூடை, கீரி போன்ற சின்ன மீன்கள் விலையிலும் நல்லவை, கொழுப்பிலும் நல்லவை.

மச்சம் இல்லாத நாட்கள்தான் பலருக்குத் தடுக்கும் இடம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் என்றால் சமாளிக்கலாம். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் பல வீடுகளில் மீனும் முட்டையும் இல்லை. அந்த நாட்களில் 20 கிராம் என்பது நடக்காத காரியம், ஏனென்றால் சைவத்தில் புரதம் மாச்சத்தோடு சேர்ந்தேதான் வருகிறது. அவித்த பயறோ கடலையோ கௌப்பியோ 100 கிராம் எடுத்தால் 20 முதல் 27 கிராம் மாச்சத்தும் 7 முதல் 9 கிராம் புரதமும். ஆகவே அந்த மாதம் கணவரும் 110, 120க்கு ஏறட்டும். ஆனால் அந்த ஏற்றம் பயறு, சோயா மீற், காளான், தயிர் வழியாக வரட்டும். கோயிலால் வந்து சோற்றோடு உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, பாயாசம் என்று நாலு மாச்சத்தைச் சேர்ப்பதில்தான் திருவிழா மாதத்தில் எடை ஏறுகிறது. கந்தசஷ்டி போன்ற கடும் விரதங்களை மாமி பிடிப்பதானால், அதையும் ஊசி அளவோடு சேர்த்து முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

தராசைப் பற்றிக் கடைசியாக. உடம்பில் ஈரலிலும் தசையிலும் ஏறத்தாழ அரைக் கிலோ கிளைக்கோஜன் சேமிப்பாக இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாச்சத்தைக் குறைத்தவுடன் அது வெளியேறுவதால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ வரை இறங்கலாம். அது கொழுப்பு அல்ல. ஒரு கலியாணச் சாப்பாட்டோடு திரும்பி வருவதும் கொழுப்பு அல்ல. மூன்றாம் வாரத்தில் இருந்து வாரத்துக்கு அரைக் கிலோ என்பது உங்களுக்கு நல்ல வேகம், கணவருக்கும் மாமிக்கும் ஒரு கிலோ வரை போகலாம். அதைவிட வேகமாகப் போனால் பித்தக்கற்கள் வரும் வாய்ப்புக் கூடும்.

மூன்று மாதம் முடிந்ததும் மூன்று பேரும் வயிற்றளவை எடுங்கள், கணவரும் மாமியும் இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கணவரின் ட்ரைகிளிசரைட் 150க்குப் பக்கத்தில் வந்து சீனி 5.7க்குக் கீழே போயிருந்தால், காலையில் இரண்டு இடியப்பத்தைத் திரும்பச் சேர்த்து 110இல் நிறுத்தலாம். ட்ரைகிளிசரைட் இறங்கி, கெட்ட கொலஸ்ரரோல் மட்டும் ஏறியிருந்தால் தேங்காயையும் பொரியலையும் குறைத்து மீனைக் கூட்டுங்கள். வயிறு ஒரு சென்ரிமீற்றரும் குறையாமல் இருந்தால், மாச்சத்தை இன்னும் வெட்டுவதற்கு முன் ஒரு வாரம் வாயில் போகும் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப்பாருங்கள். பெரும்பாலும் பின்னேரத் தேத்தண்ணிப் பக்கத்தில் பதில் கிடைக்கும். உங்கள் சுட்டி 24க்கு வந்ததும் 170, 180 கிராமுக்கு மெல்ல ஏறி, எடை நிலைத்து நிற்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.